பன்றி ரூபாய்: எந்தத் தரத்தில் வாங்குவது?

கேள்வி: முதிர்ந்த வைப்புத்தொகையில் ஒரு பகுதியைப் பழைய நாணயத்தில் போட நினைக்கிறேன். 1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மூன்று நிலைகளில் கிடைக்கிறது. புழங்கித் தேய்ந்த ‘வி.எஃப்.’ ஒன்று. அதைப்போல மூன்று மடங்கு விலையில், ‘ஏ.யு.’, அதாவது ஏறக்குறையப் புழங்காதது, என்று வியாபாரி சொல்லும் ஒன்று. பத்து மடங்குக்கும் மேலான விலையில், அமெரிக்க நிறுவனம் ‘எம்.எஸ். 63’ என்று தரமிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த ஒன்று. பத்து ஆண்டு வைத்திருக்க எது நல்லது?

– கும்பகோணம் வாசகர்

பதில்: நடுவில் இருப்பதை வாங்குங்கள். ஆனால் வியாபாரியின் வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

இந்த நாணயத்தில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிய, எதிர்ப்பு கிளம்பியது. ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அச்சிட்டதில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். கடைக்காரர்கள் இதை விரிவாகச் சொல்வார்கள், ரசித்துக் கேளுங்கள். அந்தக் கதை மூன்று நாணயங்களுக்கும் பொது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் தரத்துக்குத்தான்.

தேய்ந்த நாணயத்தில் நட்டம் குறைவு. 11.66 கிராம் எடையில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருப்பதால், அந்த வெள்ளியின் விலைக்குக் கீழே போகாது. ஆனால் எந்த யானைக்காக இந்த ஆண்டைத் தேடுகிறார்களோ அதுவே மழுங்கியிருந்தால், பத்து ஆண்டு கழித்து யார் ஆசைப்பட்டு வாங்குவார்கள்?

எம்.எஸ். என்பது 60 முதல் 70 வரை போகும், புழங்காத நாணயத்துக்கான தரம். அங்கே ஓர் எண் கூடினாலே விலை தாவும். 63-க்கும் 64-க்கும் உள்ள வேறுபாடு மன்னரின் கன்னத்தில் விழுந்த ஓரிரு சிறு கீறல்களாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பழகாதவர் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைத்தான் வாங்குகிறார். போலிப் பெட்டிகளும் உலவுவதால், சீட்டிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று: நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்த எண்ணுக்கு நல்ல விலை கொடுக்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் நீங்கள் விற்க வழியில்லை.

எனவே ஏ.யு. ஆனால் நம்மூரில் வெள்ளியைக் கண்டால் விபூதி போட்டுத் துலக்காமல் கை சும்மா இருக்காதே! துலக்கிய நாணயம் புதிதுபோல் பளபளக்கும். தரமிடும் நிறுவனங்களோ அதற்கு எண்ணே தராமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிடும். ஒற்றை விளக்கின் கீழே, விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சில் வந்த மினுமினுப்பு சக்கரத்தின் ஆரம்போல் சுற்றிவரும். துலக்கியதில் ஒளி அசையாமல் தட்டையாக நிற்கும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஓடும். கிரீடத்திலும் புருவத்திலும் மட்டும் இலேசான தேய்மானம், எழுத்துகளைச் சுற்றி மினுமினுப்பு, பள்ளங்களில் கருமை: இவை இருந்தால் வாங்கலாம். கருமை அசிங்கமாகத் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள்.

விலை பேசும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: “இதே நாணயத்தை அடுத்த வாரம் நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?” அவர் சொல்லும் தொகைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள இடைவெளியை நாணயம் முதலில் ஈடுகட்டியாக வேண்டும், அதுவரை உங்களுக்கு லாபமில்லை. இதற்கு வட்டியும் கிடையாது. அதனால் பத்து ஆண்டுக்குத் தொட வேண்டியிராத பணத்தை மட்டும், அதிலும் சிறு பங்கை மட்டும் போடுங்கள்.

வாங்கியதும் தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள், இருபுறமும் படம் எடுங்கள். பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள், வெள்ளியில் பச்சைப் பிசுக்குப் படியும்.