நியூகாசிலில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மகள் இங்கிலாந்தில், நியூகாசிலில் வேலை பார்க்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் போய் மூன்று வாரம் தங்கப்போகிறோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் "நியூகாசிலில் என்ன இருக்கு? லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், லேக் டிஸ்ட்ரிக்ட், எடின்பரோ எல்லாத்தையும் ஒரே வாரத்துல சுத்திட்டு வந்துடுங்க" என்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி, அதிகம் ஏறி இறங்க முடியாது. பக்கத்தில் ரோமானியர் கட்டிய சுவர் ஒன்று இருக்கிறதாம். இடிந்த கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது என்று இருக்கிறது. மகள் படம் அனுப்பிய பஃபின் பறவைகளைப் பார்க்க மட்டும் ரொம்ப ஆசை. நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்ன பார்க்கலாம், சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஏமாற்றமான செய்தி. பஃபின்கள் ஃபார்ன் தீவுகளில் குஞ்சு பொரித்து, ஜூலை முடிவதற்குள் கடலுக்குப் போய்விடும். நீங்கள் போகிற நேரத்தில் அங்கே இருக்காது. அதற்காகப் படகுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒரே வாரத்தில் ஐந்து ஊர் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பாதி நாள் மோட்டார்வேயில் போய்விடும், மீதியில் பாதி வண்டி நிறுத்த இடம் தேடுவதில் போய்விடும். ஸ்டோன்ஹெஞ்சில் கற்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். வெளியே நடந்து சுற்றிவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். மகள் இருக்கிற ஊரை மையமாக வைத்துக்கொண்டு, காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். தமிழ் நடத்திய ஒருவருக்கு இங்கிலாந்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நியூகாசிலிலிருந்து மெட்ரோவில் அரை மணி நேரம் போனால் சவுத் ஷீல்ட்ஸ். கடலோரச் சிறுநகரம். அங்கே வீடுகளுக்கு நடுவே ஆர்பேயா என்ற ரோமானியக் கோட்டையின் எச்சம் இருக்கிறது. டிக்கெட் இல்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், செப்டம்பரில் திறந்திருக்கும். அங்குள்ள சிறிய மியூசியத்தில் ஒரு பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் தக்ளி, ஒரு பக்கம் நூல் உருண்டைகள் நிறைந்த கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. முகம் உடைந்துபோயிருக்கிறது. பெயர் ரெகினா. முப்பது வயதில் இறந்தவள், தென் இங்கிலாந்தின் ஒரு பழங்குடியைச் சேர்ந்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுவித்து மணந்துகொண்டவன் பராத்தெஸ். சிரியாவின் பால்மைராவிலிருந்து வந்தவன். இது நடந்தது 2ஆம் நூற்றாண்டில்.

கல்லின் கீழே அவன் முதலில் லத்தீனில் எழுதவைத்திருக்கிறான். அரசாங்க மொழி அதுதானே. அதில் வேற்றுமை உருபு தவறியிருக்கிறது, நீங்கள் சிவப்பு மையில் சுழித்திருப்பீர்கள். அதற்கும் கீழே ஒற்றை வரி, பால்மைரா எழுத்தில், அவன் தாய்மொழியில். அந்த வரியில் பிழை இல்லை, எழுத்தும் திருத்தமாக இருக்கிறது. "பராத்தெஸ் விடுவித்த ரெகினா, ஐயோ." அவ்வளவுதான் வாசகம். அந்த ஊரில் எத்தனை பேருக்கு அதை வாசிக்கத் தெரிந்திருக்கும்? அந்த ஒரு சொல்லை அவனால் லத்தீனில் எழுத முடியவில்லை என்று நினைக்கிறேன். முதல் முறை அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது, வெளியூரில் செத்துப்போன என் பெரியப்பாவுக்குத் தமிழில் கல் வைக்க வேண்டும் என்று பெரியம்மா பிடித்த பிடிவாதம் ஞாபகம் வந்தது. வெகு நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதே மெட்ரோவில் வேறு திசையில் போனால் வால்ஸெண்ட் வருகிறது. ஊர்ப்பெயரின் பொருளே சுவரின் முனை. அந்த ஸ்டேஷனில் அறிவிப்புப் பலகைகளை லத்தீனிலும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனி சுவர். ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசர் காலத்தில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கியது. 73 மைல், கடலிலிருந்து கடல் வரை. முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. ரயிலில் ஹெக்ஸம் போய், அங்கிருந்து 'ஏ.டி.122' என்று எண் போட்ட பஸ்ஸில் ஏறுங்கள், சுவரை ஒட்டியே போகும். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல ஏற்றம், உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். விண்டோலாண்டா என்ற கோட்டையில் இறங்குங்கள். டிக்கெட் உண்டு, கொடுக்கலாம்.

இந்தக் கோட்டை அந்தச் சுவருக்கும் மூத்தது. பழைய கோட்டையை இடித்து, மேலே மண்ணையும் புல்தரையையும் போட்டு மூடி, அதன் மேல் புதியதைக் கட்டுவார்கள். அடியில் ஈரம் தங்கிவிட்டது, காற்று புகவில்லை. மற்ற இடங்களில் மக்கிப்போகிற மரமும் தோலும் இங்கே அப்படியே கிடைத்தன. ஆயிரக்கணக்கான செருப்புகள், குழந்தைகளுடையது உட்பட. 1973இல் முதல் மரஏடு கிடைத்தது. நம் ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது போஸ்ட் கார்டு அளவில் சீவிய மெல்லிய பலகை, அதில் மையால் எழுத்து. அனுப்பிவைத்த காலுறையையும் உள்ளாடையையும் பற்றி ஒரு கடிதம் உண்டு. க்ளாடியா செவெரா என்ற பெண் தன் தோழிக்கு எழுதியது இன்னொன்று: செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ அவசியம் வர வேண்டும். எழுத்தன் எழுதிக்கொடுத்த கடிதத்தின் கீழே அவளே தன் கையால் இரண்டு வரி சேர்த்திருக்கிறாள், உனக்காகக் காத்திருப்பேன் என்று. ஒரு பெண் கைப்பட எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அந்த வரிகள்தான் என்கிறார்கள். 11ஆம் தேதி நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள். அன்றைக்கே போகலாமே!

இன்னொரு ஏடு, கடைக் கணக்கு. காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே, மிளகு, இரண்டு தெனாரியஸ் என்று இருக்கிறது. தெனாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக்காசு. யவனர் கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் என்கிற அகநானூற்றுப் பாட்டை எத்தனை வருடம் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள்! அந்தக் காலத்தில் ரோமர்களுக்கு மிளகு பெரும்பாலும் முசிறி இருந்த மலபார் கரையிலிருந்துதான் போனது. பாட்டில் கப்பல் கிளம்புகிறது. இங்கே, பேரரசின் மறுகோடியில், மழையிலும் குளிரிலும் ஒரு படைவீரன் காசு எண்ணிக் கொடுத்து அதை வாங்குகிறான். ஏடுகளில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சிலவற்றை விண்டோலாண்டாவுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். எழுத்தைவிட நிலத்தைப் பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கோடையில் வேலை நாட்களில் தன்னார்வலர்கள் அகழ்ந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார்கள்.

மகள் காரில் கூட்டிப்போனால், திரும்பும் வழியில் ஸ்டீல் ரிக் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அதிகம் நடக்காமலே சுவர் கரும்பாறை முகட்டில் ஏறி ஓடுவது தெரியும். அந்தப் பாறைக்கு வின் சில் என்று பெயர். சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியில் புகுந்து உறைந்த எரிகுழம்பு. அதே பாறைதான் வடகிழக்கே பாம்பரோ கோட்டைக்கும் ஃபார்ன் தீவுகளுக்கும் அடித்தளம், தெற்கே ஹை ஃபோர்ஸ் அருவி விழுவதும் அதிலிருந்துதான். ஸ்டீல் ரிக் பக்கம், சுவரை ஒட்டிய ஒரு பள்ளத்தில் தனியாக நின்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக வெட்டிப்போட்டார்கள். அடுத்த வருடமே அடிக்கட்டையில் தளிர் வந்துவிட்டது.

லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கும் போகலாம், ஆனால் ஓத நேரம் பார்க்காமல் கிளம்பவே கூடாது. தினம் இரண்டு முறை, தீவுக்குப் போகும் சாலையைக் கடல் மூடிவிடும். கவுன்சில் அட்டவணை போடுகிறது. தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் ஏறி உட்கார வழியில் கால் நட்டு ஒரு மரக்குடிசையே வைத்திருக்கிறார்கள். மழை நாளுக்கு டர்ஹம் தேவாலயத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1093இல் தொடங்கியது, உள்ளே போகக் கட்டணம் இல்லை, உட்கார நிறைய இடம்.

சவுத் ஷீல்ட்ஸ் போனால் அந்தக் கடைசி வரியின் எழுத்தை நோட்டில் வரைந்துகொண்டு வாருங்கள். நான் அன்றைக்கு வரையாமல் வந்துவிட்டேன்.