ஒரு வீட்டில் இரண்டு லெந்து: எந்த நாளில் தொடங்குவது?

கேள்வி: நானும் மனைவியும் மூணாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி கட்டப்பனைக்காரி, கேரளத்துக் கத்தோலிக்கரான சீரோ மலபார் சபை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து அவள் வீட்டில் திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறது. எங்கள் சபையில் புதன்கிழமைதான். வீட்டில் எதைப் பின்பற்றுவது? பெரிய வியாழன் ராத்திரி அவர்கள் வீட்டில் முறிக்கும் பெசகா அப்பத்தை நான் முறிக்கலாமா? ஈஸ்டர் முடிந்ததும் வீட்டு ஜெபமே நின்றுபோகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு 9, 13 வயது.

பதில்: சகோதரரே, திங்கட்கிழமையே தொடங்குங்கள். இரண்டு நாள் முன்னால் தொடங்குவதால் உங்கள் சபை ஒழுங்கு எதுவும் மீறப்படுவதில்லை. மனைவியைப் புதன்கிழமை வரை காத்திருக்கச் சொன்னால் அவர் சின்ன வயதிலிருந்து கைக்கொண்ட ஒன்றை விடச் சொல்வதாகிவிடும்.

கணக்கு எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துவிடுவோம். ஈஸ்டர் இரு சபைக்கும் ஒரே நாள்தான். 2027இல் அது மார்ச் 28. உங்கள் சபையில் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள், நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் மேற்கத்திய மரபில் அதை உபவாச நாளாக எண்ணுவதில்லை. மனைவியின் சபை ஞாயிறையும் சேர்த்தே எண்ணும். நோன்புத் திங்களுக்கு முந்தின நாள், பிப்ரவரி 7, பெத்துர்த்தா ஞாயிறு. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை, இரு நாளையும் சேர்த்து எண்ணினால் சரியாக 50 வரும். மலையாளத்தில் 'அம்பது நோம்பு' என்பது இதைத்தான். பெத்துர்த்தா சிரியாக் மொழிச் சொல், திரும்பிப் பார்த்தல் என்று பொருள் சொல்வார்கள். பழைய வீடுகளில் அன்று ராத்திரியே இறைச்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அதை நீங்களும் செய்யுங்கள். பிள்ளைகளைக் கொண்டே கழுவ வையுங்கள். நோன்பு தொடங்கிவிட்டது என்பது பிரசங்கத்தைவிட அந்தச் சட்டியைப் பார்த்தால் அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

நடைமுறையில் சிக்கல் வருவது ஞாயிற்றுக்கிழமைதான். 'எங்களுக்கு ஞாயிறு நோன்பு இல்லை' என்று நீங்கள் கறி வாங்கி வந்தால் அதைச் சமைக்கப்போவது யார்? அடுப்பு ஒன்று. அதனால் அடுப்புக்கு மனைவியின் ஒழுங்கே இருக்கட்டும். ஞாயிறை நீங்கள் வேறு விதமாகக் கொண்டாடலாம்: பருப்பும் அப்பளமும் ஒரு பாயசமும் வைத்து, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முதுகில் கொழுந்துப் பை தூக்கிச் சரிவில் நிற்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். காலைச் சாப்பாட்டை விடாமல், இறைச்சி, மீன், கருவாடு ஆகியவற்றை விடுங்கள். அதில் மிஞ்சும் காசை ஒரு டப்பாவில் போட்டு, பெரிய வியாழனுக்கு முன்னால் பக்கத்து லயத்தில் கஷ்டப்படும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு உபவாசமே வேண்டாம். பெரியவன் எதை விடுவது என்று அவனே சொல்லட்டும், நீங்கள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அதற்கு நோன்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்தது பெசகா அப்பம். உங்கள் கேள்வியில் ஒரு தயக்கம் தெரிகிறது, அது எனக்குப் புரிகிறது. இது கோவிலில் வாங்கும் திருவிருந்து (நற்கருணை) அல்ல. குருவானவர் இல்லாமல் வீட்டில் நடக்கும் ஜெபம். அரிசி மாவும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல், உடனே ஆவியில் வேகவைப்பார்கள். ஊற்றிய மாவின் மேல், குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் வாங்கிய ஓலையைக் கிழித்துச் சிலுவையாக வைப்பார்கள். வெந்ததும் ஓலை நிறம் மங்கி அப்பத்தோடு ஒட்டியிருக்கும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பால் பக்கத்தில் இருக்கும். ராத்திரி ஜெபம் முடிந்து குடும்பத் தலைவர் அப்பத்தை முறித்து, மூத்தவர் தொடங்கி கடைசிக் குழந்தை வரை கொடுப்பார். உங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் நீங்கள்தான், தாராளமாக முறியுங்கள். மாமனார் வந்திருந்தால் மட்டும் அவரிடம் கொடுத்துவிடுங்கள், அதுதான் மரியாதை. அந்த வருஷத்தில் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அப்பம் சுடுவதில்லை, பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதையும் மாமியாரிடம் கேட்டு வையுங்கள். கோவிலில் நற்கருணை வாங்குவது வேறு விஷயம். அதை இரு சபையின் போதகர்களிடமும் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பெரிய வெள்ளிக்கு நான் சொல்ல அதிகமில்லை. உங்கள் சபையில் 12 முதல் 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருமொழிகள் தியானம், அவர் சபையில் சிலுவைப்பாதை. நேரம் மோதாவிட்டால் இரண்டுக்கும் குடும்பமாகப் போய் வாருங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முதல் கேள்வி. லெந்து முழுக்கக் கண்ணும் கருத்துமாக இருந்துவிட்டு, ஈஸ்டர் மத்தியானம் பிரியாணியோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். ஆனால் ஈஸ்டர் ஒரு நாள் திருநாள் அல்ல, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே திருநாள் வரை ஐம்பது நாள். 2027இல் மே 16 வரை ஓடுகிறது. அந்த நாட்களில் முழங்கால் படியிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று 325இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் தன் 20வது விதியில் எழுதிவைத்தது. நின்று ஜெபிப்பது உயிர்த்தெழுதலின் அடையாளம். சபைகள் பிரிவதற்கு முந்தின வழக்கம் இது, ஆகவே உங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து.

வீட்டில் இதை அப்படியே செய்யலாம். லெந்து நாட்களில் முழங்காலில் ஜெபியுங்கள், ஈஸ்டர் ராத்திரியிலிருந்து எழுந்து நின்று ஜெபியுங்கள். ஏன் நிற்கிறோம் என்று சின்னவன் கேட்பான், பதில் சொல்லுங்கள். அப்புறம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 28 அதிகாரம், ஏழு வாரம், வாரத்துக்கு நான்கு. ஒரு ராத்திரி நீங்கள் தமிழில், மறு ராத்திரி மனைவி மலையாளத்தில் வாசியுங்கள். வாசித்து முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஷிப்ட் வந்து ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்து வாசித்துவிடுங்கள். பவுல் ரோமாபுரியில் வீட்டுக் காவலில் இருக்கும் கடைசி அதிகாரம் பெந்தெகொஸ்தே வாரத்துக்குள் வந்துவிடும்.