கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. போன வாரம் ஒரு மருத்துவமனையில் வலது கை விரலில் சூடு பார்க்கும் சென்சாரை ஒட்டிவிட்டு, இடது கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்களாம். காய்ச்சலே இல்லாதவருக்கு இது எதற்கு, டாக்டர்?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: நீங்கள் கடைமடைக்காரர் அம்மா, உங்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அன்றைக்கே உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? ஆறு நிறைந்து ஓடும்போதும் உங்கள் வயலில் வெடிப்பு அப்படியே கிடக்கும். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் மேட்டூர் கணக்கு. விரல் நுனியில் இருக்கும் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

அந்தக் குழாய்கள் மடைப்பலகையை ஏற்றி இறக்குவதுபோல ஓயாமல் சுருங்கி விரியும். ரத்தம் கூடினால் தோல் கொஞ்சம் சூடாகும், குறைந்தால் குளிரும். ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான். தொட்டால் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். இதயத்துடிப்பு மாதிரி வேகமான அலையைத் தோல் விழுங்கிவிடும், மெதுவானவை மட்டும் மேலே வரும். குழாய்ச் சுவரின் தசை எழுப்பும் அலைக்கு ஒரு சுற்று 7 முதல் 20 வினாடி. நரம்பு எழுப்புவது 20 முதல் 50 வினாடி. குழாயின் உள்சவ்வான எண்டோதீலியத்துக்கு அதைவிட நிதானம், ஒன்றே முக்கால் நிமிடம் வரை போகும். ரஷ்யாவின் பெர்ம் நகர ஆய்வாளர்கள் இந்த அலைகளைக் கணக்குப் போட்டுப் பிரிப்பதில் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

சரி, ஐஸ் எதற்கு? ஒரு கையில் குளிர் பட்டாலும் நரம்பு இரண்டு கைக்கும் 'மூடு' என்று உத்தரவு போடும். நனையாத விரலிலும் அலை அடங்கும். கையை வெளியே எடுத்ததும் குழாய்கள் விரிந்து அலை மறுபடி எழ வேண்டும். அந்த விரிவுக்கு உள்சவ்வு சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு காரணம். பல வருடம் சர்க்கரையில் ஊறிய சவ்வில் அந்த எழுச்சி மந்தமாக இருக்கும்.

நான் இதில் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் உண்டு. ஒரு சம்பா நடவு சமயம், வயலிலிருந்து நேரே வந்த பெரியவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழலவில்லை. ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் இறங்கியிருந்தது. "ஏதோ சேறு ஒட்டிக்கிட்டிருக்குன்னு நெனச்சேங்க" என்றார். வலியே இல்லை. நரம்புக்குச் சோறு போடுவதும் இதே சின்னக் குழாய்கள்தான் அம்மா.

ஆனால் இந்த ஒரு சோதனையை வைத்துப் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் இதைச் செய்கிறார்கள். காபி, பீடி, ஏ.சி. குளிர், மனப் பதற்றம் எல்லாமே அலையை மாற்றும். வெயிலில் பஸ் ஏறி வந்தவரை உட்காரவைத்த கையோடு எடுத்திருந்தால் அந்த முடிவை நான் நம்பமாட்டேன். கால் மணி நேரமாவது ஓய்வு கொடுத்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

அதைவிட அவசரமானது, பாதத்தில் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் சோதனை. நிமிடத்தில் முடியும், இந்த மாதமே செய்துவிடுங்கள். வெறுங்காலோடு வரப்பில் இறங்க விடாதீர்கள். ராத்திரி படுக்குமுன் அப்பாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.