துண்டு அட்டையில் ஒளிந்திருக்கும் இரட்டை டோஸ்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் அட்டினோலால் 50, அம்லோடிபின் 5 சாப்பிடுகிறார். போன மாதம் பிரஷர் ஏறியிருக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் இன்னொரு மாத்திரை எழுதினார்கள். கடையில் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டையில் 'ஏ.டி.' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. இப்போது தலைசுற்றல், நாடி 46. இதயத்துக்கு ஆபத்தா? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? – வாசகி, வியாசர்பாடி

ஆபத்துதான் அம்மா. இன்றே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த வேளை மாத்திரை வேண்டாம்.

'ஏ.டி.' என்று முடியும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது அதே அம்லோடிபினும் அட்டினோலாலும்தான். அப்படியென்றால் அப்பா இரண்டையும் இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார். அட்டினோலால் துடிப்பைக் குறைக்கும். அம்லோடிபின் ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும். அட்டினோலால் அளவு மிஞ்சினால் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதே தடைபடலாம். அட்டினோலால் சிறுநீரில்தான் வெளியேறும். இந்த வயதில் கிட்னி தளர்ந்திருந்தால் உடம்பிலேயே தேங்கும். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வம்புக்குப் பாதிக் காரணம் மெடிக்கல் ஷாப் கத்தரிக்கோல். பத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலு கொடுத்தால் மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிடுகிறது. பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டை வாங்காதீர்கள். 'அதே மருந்து, வேற கம்பெனி' என்று சீட்டில் இல்லாததை நீட்டினாலும் வாங்காதீர்கள். அரசு அட்டையைத் தனியார் கிளினிக் பார்ப்பதில்லை, கிளினிக் சீட்டை அரசில் கேட்பதில்லை. நடுவில் வயதானவர் இரண்டையும் விழுங்குகிறார். எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! இன்று ஸ்டான்லிக்குப் போகும்போதும், ஆஸ்பத்திரி வாசலில், 'இங்கே லேட் ஆகும், நல்ல நர்சிங் ஹோம் இருக்கு' என்று கமிஷனுக்கு ஆள்பிடிப்பவர்கள் பின்னால் போய்விடாதீர்கள்.

சரி, நிறுத்துவது பற்றி. ஒருவேளையைத் தள்ளிப்போடுவது வேறு, நாள்கணக்கில் விடுவது வேறு. அட்டினோலாலைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த இதயம் வேகமெடுக்கும், பிரஷர் எகிறும். ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். அப்பாவுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, நடந்தால் நெஞ்சு அடைத்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். எதை எடுப்பது, எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளில் என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். வீட்டிலிருக்கிற அட்டை, கவர், துண்டு அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.