கோள்களுக்குப் போன எந்திரங்கள்: கேட்டதும் சொன்னதும்

தொடங்குமுன் ஒன்று. எந்தக் கோளின் படத்தைப் பகிர்ந்தாலும் கீழே உள்ள படக்குறிப்பைப் படித்துவிட்டுப் பகிருங்கள். நிறம் பல நேரம் மனிதர் பூசியது. சரி, கேளுங்கள்.

கேள்வி: செவ்வாயில் ஓடும் ரோவரை வீடியோ கேம் மாதிரி இங்கே உட்கார்ந்துகொண்டே ஓட்டுகிறார்களா?

பதில்: முடியாது. சிக்னல் அங்கே போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். முன்னால் பள்ளம் இருப்பதை நீங்கள் படத்தில் பார்க்கும்போது ரோவர் ஏற்கெனவே அதற்குள் கிடக்கும். அதனால் அன்றைய வேலையை மொத்தமாகக் கட்டளைகளாக எழுதி அனுப்பிவிடுவார்கள். வழியில் கல் கிடந்தால் பார்த்துச் சுற்றிப் போவது ரோவரின் பாடு.

கேள்வி: தூசி படிந்தே செத்துப்போன கலங்கள் இருக்கின்றன. சோலார் பேனலுக்கு ஒரு வைப்பர் வைத்திருக்கக் கூடாதா?

பதில்: வந்துவிட்டதா! இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்த் தூசி மாவை விட மென்மையானது, மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் தேய்க்கும், கீறும். வைப்பருக்கு மோட்டார் வேண்டும், அந்தக் குளிரில் அது உறையாமல் இருக்கச் சூடேற்றி வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் பேனல் மேலேயே நிரந்தர நிழல். அந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பேனலோ ஒரு கருவியோ கொண்டுபோகலாம் என்பதுதான் பொறியாளர்களின் கணக்கு.

செவ்வாயில் இறங்கிய இடத்திலேயே நின்று வேலை செய்த இன்சைட் லேண்டரைப் பாருங்கள். 2018 நவம்பரில் இறங்கியபோது ஒரு செவ்வாய் நாளுக்குச் சுமார் 5,000 வாட் மணி மின்சாரம் கிடைத்தது. 2022 மே மாதத்தில் அது 500 ஆகிவிட்டது. நடுவில், 2021 மே மாதம், ஒரு வேடிக்கை செய்தார்கள். எந்திரக் கையால் மண்ணை அள்ளி, காற்று நன்றாக வீசும் நேரமாகப் பார்த்து, பேனலுக்குப் பக்கத்தில் மெல்லச் சிந்தினார்கள். பெரிய மணல் துகள்கள் பேனல் மேல் துள்ளிக்கொண்டே போய், மென்தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டன. அழுக்கைப் போக்க இன்னும் அழுக்கைக் கொட்டுவது! நாளுக்கு 30 வாட் மணி அளவுக்குக் கூடியது. கொஞ்சம்தான், ஆனால் சாகப்போகிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி. 2022 டிசம்பரில் அதன் குரல் நின்றது.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகளை மறைக்கிறார்களாமே?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: வெள்ளிக்கு ஏன் யாரும் ரோவர் அனுப்புவதில்லை?

பதில்: தரையில் 460 டிகிரி செல்சியஸ் வெப்பம், பூமியைப் போல் 90 மடங்கு அழுத்தம். சோவியத்தின் வெனரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய சாதனை.

வெனராக்களின் கேமரா மூடி கதை தெரியுமா? 1975-இல் போன 9, 10 இரண்டிலும் ஒவ்வொரு கேமராவின் மூடி திறக்கவில்லை. 1978-இல் போன 11, 12-இல் எந்த மூடியுமே திறக்கவில்லை. 1982-இல் வெனரா 14-இல் ஒருவழியாக மூடிகள் கழன்றன. கழன்ற மூடி எங்கே விழுந்தது? மண்ணின் கெட்டித்தன்மையை அளக்க நீட்டிய கை சரியாக எங்கே அழுத்த இருந்ததோ, அங்கே. கை மண்ணை விட்டுவிட்டு மூடியை அளந்தது.

அப்புறம், ஆரஞ்சு நிறத்தில் சுற்றிவருகிறதே, மெகல்லன் விண்கலம் எடுத்த வெள்ளிக் கோளப் படம், அது ரேடார் படம். ரேடாருக்கு நிறம் தெரியாது. படக்குறிப்பு!

கேள்வி: செவ்வாய் ரோவர் ஆப்பர்சூனிட்டியை 90 நாளுக்கு அனுப்பி 14 வருடம் ஓடியதே. வைப்பர் இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும் இல்லையா?

பதில்: இல்லை. 2018 ஜூனில் வந்த புயல் வானத்தையே மூடிவிட்டது. வெயிலே கீழே வராதபோது எதைத் துடைப்பது? அதற்கு முன் அதன் பேனலை அவ்வப்போது காற்றும் தூசிச்சுழல்களும் இலவசமாகத் துடைத்துக்கொடுத்தன.

கேள்வி: வைப்பர் வேண்டாம், மின்விசிறி?

பதில்: அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் சுமார் 1 சதவீதம். செவ்வாயில் பறந்த 1.8 கிலோ குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டியைத் தூக்கவே 1.2 மீட்டர் விசிறியை நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழற்ற வேண்டியிருந்தது.

கேள்வி: அப்படியானால் கியூரியாசிட்டி ரோவரில் பேனலையே எடுத்துவிட்டு, வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கப் புளுட்டோனியம் வைத்தது நான் சொல்வதை ஒத்துக்கொண்ட மாதிரிதானே?

பதில்: தூசி பிரச்சினை என்பதை நான் எப்போது மறுத்தேன்? வைப்பர் தீர்வில்லை என்றுதான் சொன்னேன். அதுவும் கிட்டத்தட்ட 900 கிலோ வண்டி. குளிர்காலத்திலும் ஓட வேண்டும்.

கேள்வி: கோள்களையெல்லாம் தாண்டிப் போய்விட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்னும் எப்படிப் பேசுகிறது?

பதில்: 1977-இல் கிளம்பியது, அதுவும் புளுட்டோனியத்தில்தான். ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைவதால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரு சிப் போய்விட்டிருந்தது. அதிலிருந்த நிரலைத் துண்டுதுண்டாக வெட்டி, நினைவகத்தில் இடம் இருந்த மூலைகளில் செருகினார்கள். ஒரு கட்டளை போக 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. 2024 ஏப்ரலில் மறுபடி புரிகிற மாதிரி பேசியது.

கேள்வி: எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

பதில்: வானம் பார்க்கும் நண்பர்களிடம் கேளுங்கள். நான் கலங்களோடு சரி.

கேள்வி: சனியைச் சுற்றிக்கொண்டு நல்லாயிருந்த காசினி விண்கலத்தை ஏன் சனியில் மோதவிட்டார்கள்?

பதில்: எரிபொருள் தீரும் நிலை. கட்டுப்பாடு இழந்து, உயிர் இருக்க வாய்ப்புள்ள சனியின் நிலவு என்செலடஸில் விழுந்து, நம் கிருமிகளை அங்கே கொண்டு சேர்த்துவிடக் கூடாது. 2017 செப்டம்பர் 15.

கேள்வி: கடைசியாக ஒன்று. சனியின் நிலவு டைட்டனுக்குப் போக இருக்கும் டிராகன்ஃபிளை கலத்துக்காவது வைப்பர் உண்டா?

பதில்: அதற்கும் புளுட்டோனியம்தான். பேனலே கிடையாது, ஐயா.