ஒத்துழையாமையும் சட்டமறுப்பும்: பிளஸ் 2 வரலாற்றில் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

ஒத்துழையாமை, சட்டமறுப்பு ஆகிய இரண்டு இயக்கங்களும் தேர்வில் கலந்துவிடுகின்றன, ஆண்டுகளை மனப்பாடம் செய்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுகளைச் சற்று ஓரமாக வையுங்கள். மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1920-இல் தொடங்கிய ஒத்துழையாமை, விலகி நிற்கும் போராட்டம். பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். மாணவர்கள் அரசுப் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். இவை எதுவும் சட்டப்படி குற்றமல்ல. 1930-இல் நடந்த சட்டமறுப்போ, முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சட்டத்தை மீறுவது. காந்தி மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பெடுத்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏன் உப்பு? பரம ஏழையும் உப்பு வரியிலிருந்து தப்ப முடியாது. உப்பெடுப்பது அரசின் தனியுரிமை என்பதால், கடற்கரையில் ஒரு பிடி அள்ளினாலே சட்டம் உடைந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். விடையில் இதற்கு இடம் கொடுங்கள்.

பின்னணியும் வேறு. முன்னதற்கு, விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக் படுகொலை, துருக்கி கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் இயக்கம். பின்னதற்கு, இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் குழு, முழு விடுதலையை இலக்காக்கிய 1929 லாகூர் காங்கிரஸ் மாநாடு.

முதலாவதை, காவலர்கள் கொல்லப்பட்ட சௌரி சௌரா வன்முறைக்குப் பின் 1922-இல் காந்தியே நிறுத்தினார். இரண்டாவதை, வைஸ்ராய் இர்வினோடு காந்தி செய்த 1931 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தோடு பலர் முடித்துவிடுகிறார்கள். அது தற்காலிக நிறுத்தம்தான். 1932-இல் மீண்டும் தொடங்கி, 1934-இல்தான் கைவிடப்பட்டது.