குடி வேறென்றால் மரபணுவும் வேறா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியில் மாமி மகளைக் கட்டப் போகிறீர்கள். குடி வேறுதானே, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குடி என்கிற நம் குலப் பிரிவு தாய்வழியாக மட்டும் வரும். மரபணு இரு பக்கத்தாலும் வரும். மச்சான் மச்சாளுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது, அதனால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பும் கூடும்.

மூளைக்கு வருவோம். ஏஎஸ்பிஎம் என்ற மரபணுவுக்கும் சிறுதலை நோய்க்கும் உள்ள தொடர்பு 2002இல் வெளிவந்தது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் பாகிஸ்தான் குடும்பங்கள்தான் அதற்குப் பெரிதும் உதவின. கருவிலுள்ள மூளையின் மூலக் கலம் முதலில் தன்னைப் போலவே பிரிந்து பெருக வேண்டும், அப்புறம்தான் நரம்புக் கலங்களைத் தர வேண்டும். விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டால் அடுத்த போகம் என்னாகும்? நெல் விளையும் படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் அப்படித்தான், மூலக் கலங்கள் வேளைக்கே தீர்ந்து மூளை சிறுத்துவிடும். ஒரு பிரதி நன்றாக இருந்தால் போதும். பெற்றோர் இருவருமே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

சரி, கட்டலாமா? இது அரிய நோய். மச்சாளைக் கட்டியவர்களின் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் உங்கள் சொந்தத்தில் தலை சிறுத்த பிள்ளை யாரும் இருந்ததா என்று அம்மம்மாவிடம் விசாரித்து, வைத்தியரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.